நீலக்குடை எஸ்டேட், மூன்றாம் பாகம்

பிப்ரவரி 5, திங்கள்

காலை எடை 58.4. தண்ணீர் மூன்று டம்ளர், காபி அரை டம்ளர்.

இவ்வளவு எழுதினால் போதும் என்று டாக்டர் சொன்னார். அதற்காகத் தம்பி தன் அலுவலக டைரியைக் கொடுத்திருக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். ஒரு வரியை எழுதிவிட்டு மிச்சத்தைக் காலியாக விட எனக்கு மனம் வராது. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆகும் வரை காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதிப் பழகியவள் நான்.

இன்று டயாலிசிஸில் என்னைச் சன்னலோரப் படுக்கைக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் ஏசி நேராகத் தலையில் அடிக்கிறது என்று நானே கேட்டு வாங்கிய மாற்றம். கேட்டிருக்கவே கூடாது. பக்கத்துப் படுக்கையில் முப்பிடாதி என்று ஒருத்தி. பேட்டையிலிருந்து வருகிறாள், நாற்பதைத் தொடவில்லை. வாய் ஓயவில்லை. என் பெயர் என்ன, வீடு எங்கே, யாரோடு இருக்கிறேன், கல்யாணம் ஆகவில்லையா, ஏன் ஆகவில்லை, எல்லாவற்றையும் ஊசி குத்தி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள். தங்கபுஷ்பம், மகாராஜநகர், தம்பி வீட்டில் என்று சொன்னேன். மற்றதற்கு வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 7, புதன்

தண்ணீர் மூன்று டம்ளர்.

எங்கள் டயாலிசிஸ் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மிஷின் ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் எதைத் தின்றாலும் அதை மிஷினே எடுத்துவிடும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. வீட்டில் தொடக் கூடாத வாழைப்பழம், தக்காளிச் சட்னி, உருளைக்கிழங்கு போண்டா எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பைகளிலிருந்து வெளியே வரும். சிறுநீரகம் கெட்ட நாங்கள் வாரத்தில் மூன்று நாள் மனிதர்கள் போலச் சாப்பிடுவது அப்போதுதான். டெக்னீஷியன் ஜெபசீலி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவாள். நான் இதுவரை ஒரு பிஸ்கட் கூடத் தின்றதில்லை. அதனால் எனக்கு டாக்டரம்மா என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள், எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

முப்பிடாதி போண்டா தின்றாள், பிறகு புத்தகத்தை எடுத்தாள். ஊசி ஏறிய இடது கையை அசைக்கக் கூடாது, அசைத்தால் மிஷின் கத்தும். தடிப் புத்தகத்தை ஒற்றைக் கையில் பிடிக்கவும் முடியாது. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். புத்தகத்தின் முதுகை பிளேடால் கீறிக் கீறிக் கட்டுக் கட்டாகப் பிரித்துவிடுகிறாள், பூசணிக்காயைக் கூறு போடுவது போல. ஒரு கூறு முடிந்ததும் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். புத்தகத்தை இப்படி அறுப்பதைப் பார்க்க மாட்டாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

படித்து முடித்த கூறைக் கை நீட்டி என் வயிற்றின் மேல் போட்டாள்.

"சும்மா ஃபேனத்தான பாத்துட்டுக் கெடக்கிய. வாசிங்கக்கா."

நீலக்குடை எஸ்டேட், முதல் பாகம். முதல் பக்கத்திலேயே கதாநாயகன் சட்டை இல்லாமல் குதிரையிலிருந்து இறங்குகிறான். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கூடத்தில் டிவி ரிப்பேர். வேறு வழியில்லாமல் முதல் கூறைப் படித்தேன்.

கதாநாயகன் பெயர் வஜ்ரவேந்தன். நீலக்குடை எஸ்டேட்டின் ஐந்து அண்ணன் தம்பிகளில் மூத்தவன். ஒரு பாகத்துக்கு ஒருத்தனாம், ஐந்து பாகம். இவனுக்குக் கோபம் வந்தால் கண் சிவக்கும், ஆசை வந்தாலும் கண் சிவக்கும். எதற்குச் சிவக்கிறது என்று தெரியாமல் கதாநாயகி நடுங்குகிறாள். கண் டாக்டரிடம் போக யாருக்கும் தோன்றவில்லை. பங்களாவில் எண்ண முடியாத அறைகள், ஒவ்வொன்றிலும் சரவிளக்கு, கரண்ட் பில் என்ன டாரிஃப் என்று எழுதியவருக்குக் கவலையே இல்லை.

முப்பிடாதி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குப்பை என்றேன். அடுத்த கூறு வேண்டுமா என்றாள். கொடு, எவ்வளவு குப்பை என்று பார்ப்போம் என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எடை 59. தண்ணீர் நாலு டம்ளர், அதிகம்.

செவ்வாய்க்கிழமை என்பது இவ்வளவு நீளமான கிழமை என்று இத்தனை வயதுக்கு இப்போதுதான் தெரிகிறது. வஜ்ரவேந்தன் அவளை மழையில் தூக்கிக்கொண்டு போன இடத்தில் கூறு முடிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு எங்கே போனான் என்பது நாளைதான் தெரியும். இதில் எனக்கு ஆர்வம் ஒன்றும் இல்லை. அவள் கால் சுளுக்கிக்கொண்டது, அது சரியானதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

பிப்ரவரி 21, புதன்

கால் சரியாகிவிட்டது. மற்றதை எழுத முடியாது.

மார்ச் 4, திங்கள்

முதல் பாகம் முடிந்தது. கூறுகளை டயாலிசிஸ் ஃபைலுக்குள் ரத்தப் பரிசோதனைத் தாள்களுக்கு நடுவே வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். தம்பி மனைவி சுகிர்தா இன்று ஃபைலை எடுத்துக் கொடுக்க வந்தாள். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பாவம், என் ரிப்போர்ட் மோசமாகிவிட்டது என்று நினைத்து முகம் வாடிப் போனாள்.

மார்ச் 15, வெள்ளி

முப்பிடாதியின் புருஷன் கொம்பையாவை இன்று பார்த்தேன். லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவளைக் கொண்டு வந்து விட்டுவிட்டுக் கீழேயே நிற்பானாம், ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் மேலே வருவதில்லை. இன்று அவள் இறங்கும்போது கால் தடுமாறியதால் பாதிப் படி வரை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இவள் அவனுக்காகப் பரிந்து பேசுவாள். தன் கிட்னியைத் தருகிறேன் என்று முதல் ஆளாகப் போய் நின்றானாம், சேரவில்லை. சமையல் அவன்தான், தண்ணீரை அளந்து கொடுப்பதும் அவன்தான். டாக்டர் கூடாது என்றதை வீட்டு வாசலுக்குள் விடமாட்டான். முதல் ஒரு மணி நேரக் கதையையும் அவன் நம்புவதில்லையாம். போண்டாவை ஜெபசீலியிடம் காசு கொடுத்து வாங்கி வரச் சொல்கிறாள்.

"நல்ல மனுசன்க்கா. பேசத்தான் மாட்டாரு. நான் என்ன வாசிக்கேன்னு கூட அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்ல."

இவர்களுக்குக் குழந்தை இல்லை. கிட்னிக்காக அரசாங்கப் பட்டியலில் பதிந்துவிட்டு நாலு வருடமாகக் காத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 27, புதன்

இன்று ஊசி சரியாக ஏறவில்லை. இரண்டாவது முறை குத்தும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பிடாதி தன் வலது கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. என்னை டாக்டர்களும் நர்சுகளும் தவிர வேறு யாரும் தொட்டு எவ்வளவு காலம் இருக்கும் என்று யோசித்தேன். கணக்குப் போட விருப்பமில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

எடை 58.1.

இரண்டாம் பாகம் முடிந்தது. இரண்டாமவன் அவ்வளவு சரியில்லை, அழுதுகொண்டே இருக்கிறான். முப்பிடாதிக்கு அவனைப் பிடித்திருக்கிறது, எனக்கு வஜ்ரவேந்தன்தான். அரை மணி நேரம் சண்டை போட்டோம். எதிர்ப் படுக்கைக்காரர் ரிட்டயர்ட் தாசில்தார், எந்த எலெக்‌ஷனைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

பிடித்திருக்கிறதா என்று இவள் விடாமல் கேட்கிறாள்.

"ஒத்தச் சொல்லு சொல்லுங்களேன். நல்லாருக்குன்னு. வாய் தேஞ்சா போயிரும்?"

நேரம் போகிறது, அவ்வளவுதான் என்றேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

மூன்றாம் பாகம். மூன்றாமவன் அமுதவேந்தன், பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன். அவனும் இழையினியும் கட்டாயக் கல்யாணம் செய்துகொண்டு ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறார்கள். இன்றைய கூறில் ஒரு மாம்பழம் வருகிறது.

எழுதலாமா என்று தெரியவில்லை. டாக்டர் இந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்ததில்லை, எடையை மட்டும் நானே வாசித்துச் சொல்கிறேன். அதனால் எழுதுகிறேன். மரத்தடியில் உட்கார்ந்து அவள் மாம்பழம் தின்கிறாள். சாறு மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை வழிகிறது. அவன் வந்து எதிரே உட்காருகிறான். துண்டு கொடுக்கவில்லை. கையைப் பிடித்து, முழங்கையிலிருந்து மேலே, ஒரு சொட்டு விடாமல். இரண்டரைப் பக்கம். அதுவரை பேசாதிருந்தவள் அப்போதுதான் முதல் முறையாக அவன் பெயரைச் சொல்கிறாள்.

முப்பிடாதி அதை எனக்கு முன்பே படித்துவிட்டு நான் எப்போது அந்த இடத்துக்கு வருவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சிரித்த சிரிப்பில் கை அசைந்து மிஷின் கத்தியது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து என் மிஷினும் கத்தியது. ஜெபசீலி ஓடி வந்து, இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளா என்று திட்டினாள்.

வீட்டுக்கு வந்து என் முழங்கையைக் கண்ணாடியில் பார்த்தேன். ஏன் என்று எழுதப் போவதில்லை.

மே 8, புதன்

முப்பிடாதிக்கு முகம் வீங்கியிருக்கிறது. போண்டா வேண்டாம் என்றுவிட்டாள். புத்தகத்தையும் எடுக்கவில்லை. பட்டியலில் அவளுக்குப் பின்னால் பதிந்த ஒருவருக்குக் கிட்னி பொருந்தி ஆபரேஷன் ஆகிவிட்டதாம். நல்லா இருக்கட்டும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மாம்பழம் தின்று நாலு கோடை ஆகிவிட்டது என்றாள். சித்திரை பிறந்ததிலிருந்து கொம்பையாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஒரு துண்டு, அதுவும் மிஷினில் ஏறிய பிறகு. அவன் முடியாது என்று ஒரே பிடியாக இருக்கிறான். அவன் சொல்வதுதான் சரி என்று நானும் சொன்னேன். பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்.

தெரியும்க்கா என்று மட்டும் சொன்னாள். அவள் வாதாடாமல் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

மே 10, வெள்ளி

எடை 58.9. தண்ணீர் இரண்டரை டம்ளர்.

தம்பி வாங்கி வந்த செந்தூர மாம்பழத்தில் இரண்டை எடுத்தேன். குளியலறையில் வைத்து நறுக்கி டப்பாவில் அடைத்தேன், சுகிர்தா பார்த்தால் ஆயிரம் கேள்வி கேட்பாள். டயாலிசிஸுக்குப் போகும் வழியெல்லாம் பையிலிருந்து மாம்பழ வாசனை.

மிஷின் ஓடத் தொடங்கியதும் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன். என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். டாக்டரம்மாவா இது என்றாள். முதல் ஒரு மணி நேரம்தானே, மிஷின் எடுத்துவிடும் என்றேன். இத்தனை நாள் நான் நம்பாத விஷயம் என் வாயிலிருந்தே வந்தது. நான் இரண்டு துண்டு தின்றேன். மீதியை அவள் தின்றாள். இரண்டு கொட்டைகளையும் ஒரு நார் விடாமல் சப்பினாள். சாறு முழங்கை வரை வழிந்தது. கையைத் தூக்கி என்னிடம் காட்டினாள்.

"அமுதவேந்தன் எங்கக்கா? கூப்புடுங்க அவன."

இவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து வெகு காலம் ஆகிறது. அதை எழுதி வைக்கலாம், அது உண்மை.

டப்பாவை மூடி அரை மணி ஆகியிருக்காது. தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டில் கோளாறு, எல்லா மிஷின்களும் வரிசையாக நின்றன. ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி ஏற்றி ஊசியைப் பிடுங்கினார்கள். ஆள் வந்து சரி செய்ய வேண்டும், நாளை மாலை எல்லோரும் வாருங்கள் என்றார்கள். ஜெபசீலி படுக்கை படுக்கையாக வந்து கேட்டாள். யாராவது எதாவது சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், இப்போதே வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மிஷினில் போடச் சொல்கிறேன் என்றாள். தாசில்தார் வடை தின்றதை ஒப்புக்கொண்டார், அவரை அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது முப்பிடாதி என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவளும் ஆட்டினாள்.

ஒரு நாள்தானே. நாளை மாலை போய்விடலாம்.

மே 11, சனி

மாலை மிஷின் ஓடியது. பக்கத்துப் படுக்கை காலி.

விடியற்காலையில் நெஞ்சு நின்றுவிட்டதாம். ஜெபசீலி சொன்னாள்.

மே 13, திங்கள்

எடை 57.9. தண்ணீர் ஒரு டம்ளர்.

மே 15, புதன்

டாக்டர் ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். பொட்டாசியம் மிக அதிகமாக ஏறியிருக்கிறது, அன்று அவர் என்ன சாப்பிட்டார், பக்கத்தில் இருந்த உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று என்னைக் கேட்டார். நான் கவனிக்கவில்லை என்றேன். நம்பிவிட்டார். என் பெயரே அப்படி. எதையும் தொடாத தங்கபுஷ்பம்.

எடை, தண்ணீர் எழுத மறந்துவிட்டேன்.

மே 17, வெள்ளி

கொம்பையா வந்தான். அவளுடைய போர்வையும் தலையணையும் இங்கே பெட்டியில் இருந்தன, அவற்றை வாங்கிப் போக வந்திருக்கிறான். முதல் முறையாக மாடிக்கு ஏறி வந்தான். குழாயில் ஓடும் எங்கள் ரத்தத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கமாகவே நடந்து என் படுக்கை அருகே வந்து நின்றான். அவள் என்னைப் பற்றி நிறையச் சொல்வாளாம்.

நின்றபடியே பேசினான். அன்று இரவு நெஞ்சு தவிக்கிறது, எதாவது குடிக்கக் கொடு என்று அழுதிருக்கிறாள். தண்ணீர்க் கணக்கு முடிந்துவிட்டது என்று முதலில் மறுத்திருக்கிறான். பிறகு மனசு கேட்காமல் அரை டம்ளர் மோர் கொடுத்திருக்கிறான். நாலு வருடத்தில் அவன் கணக்கை மீறியது அந்த ஒரு தடவைதான்.

"அந்த மோருதான்க்கா. நானே கொன்னுட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் பக்கத்தில் ஜெபசீலி நின்றாள், எதிரே தாசில்தார் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியெல்லாம் நினைக்காதே என்று மட்டும் சொன்னேன். துக்க வீட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லும் வார்த்தை. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

மே 19, ஞாயிறு

தம்பி மாம்பழம் நறுக்கினான். தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன்.

மே 22, புதன்

மூன்றாம் பாகத்தின் கடைசிக் கூறு என் ஃபைலில்தான் இருக்கிறது. அவள் படித்து முடித்துவிட்டுத்தான் கொடுத்தாள், எனக்குத்தான் பாக்கி. தொடக் கூடாது என்று இருந்தேன். பக்கத்துப் படுக்கையில் இப்போது ஒரு வயதானவர், நாலு மணி நேரமும் தூங்குகிறார். ஃபேனைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடப்பது. எடுத்தேன்.

அமுதவேந்தன் கோர்ட்டில் நின்று எல்லோர் முன்னிலும் இவள்தான் என் பெண்டாட்டி என்று சொல்கிறான். அன்று இரவு பங்களாவில் கரண்ட் போகிறது. நான் ஒரு வரி விடாமல் படித்தேன். கன்னம் சூடானது. ஓர் இடத்தில் சிரித்தேன், பக்கத்தில் திரும்பினேன், கிழவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

நன்றாக இருந்தது. முதல் பாகத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. இதைக் கேட்பதற்காக அவள் மூன்று மாதம் கெஞ்சினாள். அவள் செத்த பிறகும் எனக்கு அது நன்றாக இருக்கிறதே என்பதை நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அழுதேன். கை அசைந்து மிஷின் கத்தியது. ஜெபசீலி வந்து ஊசியைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

மே 24, வெள்ளி

ஜெபசீலி கொம்பையாவைச் சந்தையில் பார்த்தாளாம். வண்டியை ஓட்டுவதில்லையாம். இவனே மோர் கொடுத்துக் கொன்றான் என்று முப்பிடாதியின் அண்ணன் ஊரெல்லாம் சொல்கிறானாம், கொம்பையாவும் ஆமாம் ஆமாம் என்கிறானாம். அவள் சொல்லிக்கொண்டே ரத்த அழுத்தம் பார்த்தாள். இவ்வளவு ஏன் ஏறியிருக்கிறது என்றாள்.

மே 28, செவ்வாய்

எடை பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தேன். அப்படி எழுதுவதே பொய். பயந்துகொண்டு இருந்தேன். இன்று சுகிர்தாவிடம் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் பேட்டைக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, லோடு ஆட்டோ தூசி படிந்து வாசலில் நின்றது.

கொம்பையா அடுப்பில் உலை வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சேரை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

"மோர்னால இல்ல கொம்பையா. மாம்பழம். நாந்தான் வீட்லருந்து நறுக்கிக் கொண்டுபோய்க் குடுத்தேன். மிஷின் பாதில நின்னுட்டு. சாப்பிட்டீங்களான்னு கேட்டப்ப இல்லன்னு மொதல்ல தலையாட்டுனதும் நாந்தான். சொல்லிருந்தா அன்னைக்கே வேற எடத்துல மிஷின்ல போட்டுருப்பாங்க."

அவன் அடுப்பைக் குறைத்தான். பிறகு அணைத்தே விட்டான். திட்டுவான், கையை ஓங்குவான், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் கடைசியில் கேட்டது இதுதான்.

"இனிப்பா இருந்துச்சாக்கா?"

இருந்தது என்றேன். கொட்டை வரை சப்பினாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். எங்கிட்டயும் கேட்டா, நாந்தான் வாங்கித் தரல என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னான். அப்புறம், இத்தனை வருடம் பேசாமல் இருந்தவளுக்கு இந்த வருடம் மட்டும் மாம்பழத்தின் மேல் ஏன் இப்படி ஒரு ஆசை என்று கேட்டான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டிய பாவம் போதும் என்று தோன்றியது. நான் அந்தக் கதையைச் சொன்னேன். அமுதவேந்தன், இழையினி, மரத்தடி, முழங்கை வரை வழிந்த சாறு, துண்டு கொடுக்காமல் அவன் செய்தது, எல்லாம். ஒரு ஆம்பிளையின் முகத்துக்கு நேரே நான் இப்படிப்பட்ட வார்த்தைகளைப் பேசியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாக இல்லை. அவள் எப்படிச் சிரித்தாள் என்று சொன்னேன், கையைத் தூக்கிக் காட்டி அவனைக் கூப்பிடுங்கள் என்றதைச் சொன்னேன். கொம்பையா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த மாரில்லாம் ஆசை இருந்துச்சாக்கா அவளுக்கு? பதினேழு வருசம் ஒரே வீட்ல இருந்தோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல."

கூச்சமாக இருந்திருக்கும் என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

"நானும் கேட்டதில்ல," என்றான்.

அதன் பிறகு குனிந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அருகில் போகலாமா என்று ஒரு அடி வைத்தேன். துண்டை எடுக்காமலேயே கையை நீட்டித் தடுத்தான்.

"நீங்க கெளம்புங்கக்கா. எனக்கு ஒங்க மேல கோவம் வரணும். இன்னும் வரல. வாரப்ப நீங்க இங்க நிக்க வேண்டாம்."

கிளம்பிவிட்டேன். நாளை டாக்டரிடமும் ஜெபசீலியிடமும் சொல்ல வேண்டும். அவள் அண்ணனிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா என்று இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ஜங்ஷன் வரை நின்றுகொண்டே வந்தேன். கொம்பையாவுக்குக் கோபம் சீக்கிரம் வர வேண்டும். அந்த அரை டம்ளர் மோரை நினைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதைவிட, என்னைத் திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தால் போதும்.